செவலைக்கு வந்த வயித்துவலி

பெண்பிள்ளைக்கு வெட்கம் வேண்டும் என்று சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். எவ்வளவு இருந்தால் போதும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் அளவு தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றதே அதனால்தான். ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். வழியில் ஒரு சைக்கிள் கடை இருந்தது, அதன் வாசலில் எப்போதும் நாலு பேர் இருந்தார்கள். (அந்த நாலு பேரும் என்னை ஒருநாள்கூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. பாவம், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.)

கல்யாணமான புதிதில் ஒருமுறை கூட்டமான பஸ்ஸில் போய்ச் சங்கரன்கோவிலில் இறங்க வேண்டியவள், "ஆள் இறங்கணும்" என்று சத்தம் கொடுக்க வெட்கப்பட்டு ராஜபாளையம் வரைக்கும் போயிருக்கிறேன். அதெல்லாம் என்னோடு போன கஷ்டம். ஆனால் ஒரே ஒரு தடவை என் வெட்கத்தால் ஒரு வாயில்லா ஜீவனின் உயிர் போகப் பார்த்தது. வாயில்லா ஜீவன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் வாய் இருந்தது அதற்கு மட்டும்தான்.

பனவடலிசத்திரம் போகிற பாதையில் ஊருக்குக் கொஞ்சம் வெளியே எங்கள் வீடு. வீட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் கரிசல், ஒரு கிணறு, ஒரு பசு, ஐந்தாறு ஆடு, எண்ணி முடிக்க முடியாத கோழிகள். ஆடு மாடு வைத்திருக்கிறவர்களுக்கு எந்த நாளும் சும்மா விடியாது. ஒருநாள் கோழி மோட்டார் ரூமுக்குள் போய் ஸ்டார்ட்டர் பெட்டி மேல் அடை உட்கார்ந்துகொள்ளும். அது குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பயிருக்குத் தண்ணீர் இல்லை. இன்னொரு நாள், முகத்தில் இரண்டு வெள்ளைக்கோடு போட்ட எங்கள் கறுப்பு ஆடு, கரண்டு கணக்கெடுக்க வந்தவரின் பைக்குள் தலையை விட்டு, அவருடைய மத்தியானச் சோற்றை இலையோடு தின்றுவிட்டு, அவர் வேட்டியிலேயே வாயைத் துடைத்துக்கொண்டது. இதையெல்லாம் நான் சமாளித்துவிடுவேன். இதில் யாரிடமும் பேச வேண்டியதில்லை அல்லவா?

பசுவின் பெயர் செவலை. நிறம் செவலை, அதனால் பெயரும் செவலை. நான் குனிந்து சாணி அள்ளும்போது பின்னால் வந்து என் கொண்டையை நக்கும். அதற்கு நான் என்றால் உயிர், எனக்கும் அப்படித்தான். இரண்டு கன்று போட்டபின் மூன்றாவதற்கு இரண்டு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. பாலும் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்:

"இந்தத் தடவையும் நிக்கலேன்னா மாட்டுத் தரகரை வரச் சொல்லிருவேன். தீவனத்துக்கு நான் எங்கன போறது?"

நான் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாடு சினைக்குக் கத்துவது ஒரு நாள்தான். அந்த நாளில் ஊசி போடாவிட்டால் பிறகு இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் மாடு வளர்த்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வார்த்தையை என் வாயால் ஒரு ஆம்பிளையிடம் சொன்னதில்லை. கட்டின புருஷனிடமே, "மாடு கத்துது" என்று தரையைப் பார்த்துச் சொல்லுவேன். அவர் புரிந்துகொண்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவார். நாற்பது வருஷமும் இப்படியே ஓடிவிட்டது.

அன்றைக்கு அவர் விடியற்காலை முதல் பஸ்ஸில் வாசுதேவநல்லூருக்கு ஒரு சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போய்விட்டார். செல்போனை வழக்கம்போல ஜன்னலில் மறந்து வைத்துவிட்டார். மகன் மஸ்கட்டில். மருமகள் கோமதி எட்டு மணி பஸ்ஸில் சங்கரன்கோவிலுக்கு வேலைக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை.

கோமதி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது நாலு மாதம். நல்ல பிள்ளை, ஆனால் சத்தம் கூடின பிள்ளை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "அத்தே, உலை வச்சாச்சா?" என்று கேட்பாள். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டு உலை சமாச்சாரம் தெரிந்துவிடும். எனக்கு உடம்பு கூசும். "இந்தப் பிள்ளை தொண்டையைக் கொஞ்சம் குறைச்சா நல்லாருக்கும்" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னதுகூட உண்டு. (அதையும் அவள் கேட்டுவிட்டாள். காதும் அப்படி.)

கோமதியின் பஸ் போய்ப் பத்து நிமிஷம் இருக்காது, செவலை கத்த ஆரம்பித்தது. விடியற்காலையே ஒன்றிரண்டு தடவை முனகியது. இப்போது வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, வானத்தைப் பார்த்து, ஊருக்கே சொல்லிவிடுவதுபோலக் கத்தியது. வைக்கோலைத் தொடவில்லை. கோமதிக்குப் போன் போட்டேன்.

"என்னத்தே?"

"ஒண்ணுமில்லட்டி. இந்தச் செவலை…"

"செவலைக்கு என்ன?"

மருமகளிடம், அதுவும் நாலு மாதத்து மருமகளிடம், எப்படிச் சொல்வது?

"ஒண்ணுமில்ல. நீ சாப்ட்டியா?"

"இப்பத்தான கடையே தெறந்திருக்கோம். என்னத்தே, குரலு ஒரு மாதிரி இருக்கு?"

"நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தரகரின் முகம் கண்முன் வந்தது. சரி, நாமே மாட்டாஸ்பத்திரிக்குப் போவோம் என்று துணிந்தேன். துணிந்தேனே தவிர, கத்துகிற மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் போனால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிடுமே என்று தோன்றியது. எனவே மாட்டை மரத்திலேயே கட்டிவிட்டு, நான் மட்டும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். இதைவிடப் புத்திசாலித்தனமாக யாரும் போயிருக்க மாட்டார்கள்.

அங்கே ஒரே ஆம்பிளைக் கூட்டம். ஒருத்தர் கையில் கோழி, ஒருத்தர் தோளில் ஆட்டுக்குட்டி. எனக்குப் பின்னால் ஆட்டுக்குட்டியோடு நின்றவர் எங்கள் ஊர்க்காரர். டாக்டர் சின்ன வயது. வெளியூர்க்காரர் போல, பேச்சு தணிவாக இருந்தது.

"சொல்லுங்கம்மா. மாட்டைக் கொண்டு வரலையா?"

தலையை ஆட்டினேன்.

"மாட்டுக்கு என்ன?"

வீட்டிலிருந்து வரும்போது பஸ்ஸில் நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். வாயைத் திறந்தேன். வந்தது என்னமோ இதுதான்:

"வயித்துவலி."

"சாப்பிடுதா?"

"இல்ல."

"கத்துதா?"

"கத்துது."

"எப்பவாவது கத்துதா, விடாம கத்துதா?"

"விடாம."

"ஒரு இடத்துல நிக்குதா?"

"இல்ல. சுத்துது."

"எச்சில் வடியுதா?"

கத்துகிற மாட்டுக்கு வடியாதா? தலையாட்டினேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சிறுநீர் அடிக்கடி சொட்டுச் சொட்டாப் போகுதா?"

கேள்வி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் விஷயத்துக்கு வந்துவிடுவார். அதற்கு மட்டும் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டி வைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாட்டை நாய் ஏதும் கடிச்சிருக்குமா?" என்று கேட்டார்.

நாய்! கூச்சப்படாமல் பேசக் கிடைத்த ஒரே ஜீவன். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆமா சார், எங்க தெருவுல நாய் ரொம்பச் சாஸ்தி. ராவெல்லாம் தொழுவத்துலதான் கெடக்கும். கறுப்பு நாய் ஒண்ணு உண்டு, அது ரொம்ப மோசம்" என்றேன். என் ஆயுசிலேயே ஒரு வெளி ஆளிடம் அதிகமாகப் பேசியது அப்போதுதான்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. என் கைகளை வாங்கித் திருப்பித் திருப்பிக் காயம் இருக்கிறதா என்று பார்த்தார். "அம்மா, பயப்படாதீங்க. பார்க்காம எதையும் சொல்ல முடியாது. ஆனா வெறிநாய்க்கடியாவும் இருக்கலாம். மாட்டுக்கிட்ட யாரும் போக வேண்டாம். நான் வந்து பார்க்கிற வரைக்கும் அந்தப் பாலை யாரும் குடிக்க வேண்டாம். இந்தக் கூட்டம் முடிஞ்சதும் நானே வர்றேன்" என்றார்.

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். "இல்ல சார், அதில்ல" என்று தொடங்கினேன். "அப்ப எது?" என்று அவர் கேட்டார். எனக்குப் பின்னால் ஆட்டுக்குட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் கிடைத்து நான் வீடு வந்து சேர மணி ஒன்றாகிவிட்டது. ஆட்டுக்குட்டிக்காரரின் போன் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் வீட்டைச் சுற்றி ஊரே நின்றது. கோயில் கொடைக்குக்கூட அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. செவலை நடுவில் வேப்பமரத்தடியில் நின்று கத்தியது. அது ஒவ்வொரு தடவை கத்தும்போதும் கூட்டம் ஒரு அடி பின்னால் போனது.

காலையில் கறந்த பால் வழக்கம்போல டீக்கடைக்குப் போயிருந்தது. டீக்கடை அண்ணாச்சி ஒரு குண்டான் பாலையும் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்திருந்தார்.

"காலையில இருந்து முப்பது பேருக்கு டீ போட்டுருக்கேன், மதினி! முப்பது பேரும் என் கடை வாசல்ல வந்து நிக்கான். ஒருத்தன் நாய் கொலைக்கிறாப்புல இருமுதான்!"

பக்கத்துத் தோட்டத்துப் பேச்சி, என் கூடவே களை எடுக்கிறவள், தயிருக்கு உறை ஊற்றியதைச் சட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டாளாம். "எனக்குத் தண்ணியப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு மதினி" என்று சொம்போடு நின்று, அதைக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கிழக்குப் பக்கம் வரப்போரமாக மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள்.

"என்னத்துக்கு?" என்றேன்.

"செவலைக்குத்தான் மதினி. வெறி புடிச்சத வச்சிருக்கக் கூடாது. டாக்டர் வந்து சொன்னதும் சோலிய முடிச்சிர வேண்டியதுதான். மனசத் தேத்திக்கிடுங்க."

நான் நின்ற நிலையை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மாட்டுக்கு என்ன என்று ஊரிலேயே தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தையும் நாக்கு நுனியில்தான் இருந்தது. சுற்றிலும் நாற்பது ஆம்பிளைகள். கொழுந்தன் முறை, மாமன் முறை, அண்ணன் முறை. பேச்சியிடம் கிசுகிசுக்கலாம் என்றால் அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய் வராததால் காலால் போனேன். விறுவிறு என்று கூட்டத்தைத் தாண்டி, செவலையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். 'பாருங்கள், இதற்கு ஒன்றுமில்லை' என்று சொல்லுகிறேனாம். செவலை என் கொண்டையை நக்கியது.

"ஐயோ, எச்சி பட்டுட்டு! மதினிக்கும் போச்சு!" என்று டீக்கடை அண்ணாச்சி கத்தினார். கூட்டம் பத்து அடி பின்னால் போனது. அதன்பிறகு செவலையைப் பார்த்த அதே பார்வையால் என்னையும் பார்த்தார்கள். யாரோ ஒருவர் குழியின் அகலத்தைப் பற்றி ஏதோ சொன்னது மாதிரிகூட எனக்குக் கேட்டது. (அது என் பிரமையாக இருக்கலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் அங்கே இல்லை.)

அப்போதுதான் ரோட்டில் பஸ் வந்து நின்றது.

"அத்தேஏஏ!"

என் வாழ்நாளில் அந்தச் சத்தத்தைப்போல இனிமையான எதையும் நான் கேட்டதில்லை. போனில் என் குரல் சரியில்லை என்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள் கோமதி. பஸ் ஸ்டாண்டிலேயே யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வந்தாள். யாரோ, "கிட்டப் போகாத தாயி!" என்று பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், செவலையைப் பார்த்தாள். பின்னால் போய் வாலைத் தூக்கிப் பார்த்தாள். அவள் பிறந்த வீடு மேலநீலிதநல்லூர் பக்கம். மூன்று மாடு உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளை.

"அத்தே, எப்பத்துலருந்து கத்துது?"

"விடியக்காலம்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நீங்க டாக்டர்ட்ட என்ன சொன்னிய?"

"வயித்துவலின்னு."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். கேட்காத கேள்விக்கெல்லாம் அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இதுக்கு வெறியும் இல்ல, கிறியும் இல்ல. மாடு சினைக்குக் கத்துது! இத்தன பேரு மாடு வச்சிருக்கிய, ஒருத்தருக்குக்கூடவா தெரியல?"

நாற்பது ஆம்பிளைகளும் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. அவர்களுக்கும் வெட்கம் இருந்திருக்கிறது. இத்தனை காலம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டரே சொல்லிட்டாருன்னு…" என்று அண்ணாச்சி இழுத்தார்.

"டாக்டர் என்ன ஜோசியரா, பாக்காமலே சொல்லுததுக்கு?"

"அவங்க சொல்றது சரிதான், நான் ஜோசியர் இல்ல" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. டாக்டர் பைக்கை நிறுத்திவிட்டு, கையில் பெரிய உறை மாட்டிக்கொண்டு நின்றார். மாட்டைச் சுற்றி வந்து நிதானமாகப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர் காட்டினார். செவலை ஒரே மூச்சில் ஒரு வாளித் தண்ணீரைக் குடித்தது. (பேச்சி பெருமூச்சு விட்டாள்.) பிறகு கோமதி பார்த்த அதே இடத்தில் பார்த்தார். அவர் சிரித்திருந்தால் நான் கிணற்றில் விழுந்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. இன்றைக்கும் அந்த டாக்டர் பிள்ளையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

"சினைப் பருவம்தான். ஆளை அனுப்பி ஊசி எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றவர், கோமதி எடுத்துக் கொடுத்த ஊசிச் சீட்டைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார், "இதுக்கு முன்னால ரெண்டு தடவை ஊசி போட்டும் நிக்கலைன்னு சீட்டுல இருக்கே. கத்த ஆரம்பிச்ச எவ்வளவு நேரத்துல கொண்டு வந்தீங்க?"

"கத்துன உடனே மாமா அவுத்துட்டு ஓடிருவாவ சார்."

"ஆனா, ரெண்டு தடவையும் 'நேத்து ராத்திரியே கத்த ஆரம்பிச்சிட்டு'ன்னு எங்கிட்ட சொன்னாரே?"

கூட்டத்துக்குப் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். துஷ்டி வீட்டிலிருந்து வந்த எங்கள் வீட்டுக்காரர், தோளில் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். "இல்ல சார், காலையிலதான் கத்துதுன்னு சொன்னா சாயங்காலம் திரும்ப வரச் சொல்லுவிய. ரெண்டு நட நடக்கணுமேன்னுதான்…" என்றார்.

டாக்டர் அப்போதுதான் சிரித்தார். காலையில் கத்துகிற மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி போட்டால்தான் நிற்குமாம். எங்கள் வீட்டுக்காரர் அவசரத்தில் பொய் சொல்லி, இரண்டு தடவையும் முந்தியே போட வைத்திருக்கிறார். "ஐயாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பொய் சொன்னா, மாடு பாவம் என்ன செய்யும்? அது ஒண்ணுதான் உண்மையைக் கத்திக்கிட்டு இருந்திருக்கு" என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊசி போட்டார்கள். நான் அடுப்படிக்குப் போகாமல், செவலையின் தலைப்பக்கம் நின்று கொம்பைப் பிடித்துக்கொண்டேன். அதுவே எனக்குப் பெரிய காரியம்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் வந்து பார்த்து, சினை நின்றிருக்கிறது என்றார். தரகர் பேச்சு அதோடு முடிந்தது. தோண்டின குழியை மூட எங்கள் வீட்டுக்காரர் மண்வெட்டி எடுத்தபோது கோமதி தடுத்து, அதில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினாள். இப்போது அது பெரிய மரம். அதில் காய் பறிக்க வருகிறவர்கள், "செவலைக் குழியில ரெண்டு காய் பறிச்சிக்கிடுதேன் மதினி" என்றுதான் சொல்லுவார்கள். செவலை ஒரு கிடாரிக் கன்று போட்டது. அதற்கு நான் லட்சுமி என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயர் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஊரே அதை 'வயித்துவலி' என்றுதான் கூப்பிட்டது. அதுவும் திரும்பிப் பார்த்தது.

வீட்டிலும் அதே பேச்சுதான். யாராவது ஒன்றை மறைத்து மழுப்பினால், "வயித்துவலியா?" என்று கேட்பார்கள். மகன் மஸ்கட்டிலிருந்து போனில், "எல்லாம் நல்லாருக்கும்மா" என்று கொஞ்சம் இழுத்துச் சொன்னால், "ஏலே, வயித்துவலியாலே?" என்று நானே கேட்பேன்.

போன வருஷம் எனக்கே ஒரு சீக்கு வந்தது. ஏழெட்டு மாதம் மறைத்து வைத்திருந்தேன். கடைசியில் கோமதி கண்டுபிடித்துத் திருநெல்வேலிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கேயும் ஒரு சின்ன வயது ஆம்பிளை டாக்டர்தான். "என்ன செய்யுதும்மா?" என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து, "வயித்து…" என்றேன்.

பக்கத்தில் கோமதி. தொண்டையை முழுசாகக் குறைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அத்தே, குழி தோண்டிருவாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, கர்ப்பப்பை கீழே இறங்கி வருகிறது என்பதை அந்த டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ரொம்பக் கஷ்டமாகியிருக்கும் என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன், சாணி அள்ளுகிறேன்.

போன வாரம் காலையில் கோமதி வேலைக்குப் போனபிறகு, வயித்துவலி கத்த ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ரோட்டில் நாலு பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் போனை எடுத்து டாக்டருக்குப் போட்டேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்:

"டாக்டர், எங்க வயித்துவலி சினைக்குக் கத்துது! இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, சாயங்காலம் வாங்க!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் காபி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.